நேப்பிள்ஸா, ஏதென்ஸா, எபேசா? பள்ளிப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது

மத்தியதரைக் கடல் பக்கம் ஒரு கல்விச் சுற்றுலா போகலாம் என்று பள்ளி முடிவெடுத்ததும், டிராவல் ஏஜெண்ட் நீட்டுகிற முதல் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரோம், பொம்பெயி, ஏதென்ஸ், சான்டோரினி, இஸ்தான்புல், எல்லாம் பத்தே நாளில். அந்தத் தாளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியைக் கட்டவும் அவிழ்க்கவும், விமான நிலையத்தில் முப்பது பேரை எண்ணி எண்ணிப் பார்க்கவுமே பாதி நேரம் போய்விடும்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்வது இப்படி ஒரு குழுவை: ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் ஒன் வரை முப்பது பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள், அங்கே ஏழெட்டு இரவு, கிளம்புவது தமிழ்நாட்டிலிருந்து. இவர்களுக்கு உருப்படியாக நான்கு வழிகள் உண்டு: இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடா, கிரீஸில் ஏதென்ஸும் அதன் சுற்றுப்புறமும், சிசிலித் தீவு, துருக்கியின் மேற்குக் கரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை போகிற பள்ளி என்றால் நேப்பிள்ஸ். அது சரிப்பட்டு வராத பள்ளிகளும் இருக்கின்றன, அவற்றைப் பற்றியும் சொல்கிறேன்.

நான் வைக்கிற அளவுகோல் எளிமையானது. வழிகாட்டி வாயைத் திறப்பதற்கு முன்பே பிள்ளைக்கு ஏதாவது புரிகிறதா? கோயில் இடிபாட்டில் அது நடப்பதில்லை. நின்றுகொண்டிருக்கிற ஆறு தூணைப் பார்த்து வியக்க வேண்டுமென்றால் முன்னாலேயே நிறையத் தெரிந்திருக்க வேண்டும். வீடு, கடை, தெரு, அடுப்பு, கழிப்பறை இவற்றுக்கு அந்த முன்னறிவு தேவையில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வீடுதான் வாசல். கோயிலுக்கு அப்புறம் போகலாம்.

நேப்பிள்ஸ் பக்கத்தில் இருக்கிற பொம்பெயி ஜெயிப்பது இங்கேதான். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த ரோமானிய நகரம், சுமார் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இதுவரை தோண்டியிருக்கிறார்கள். தெருவில் கால் வைத்ததுமே பாடம் தொடங்கிவிடுகிறது. கருங்கல் பாவிய சாலை, அதன் குறுக்கே நடைமேடை உயரத்துக்குத் தூக்கி நிற்கும் மூன்று பெரிய கற்கள். மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஓடும்போது கால் நனையாமல் கடப்பதற்காகப் போட்டவை. அந்தக் கற்களின் இடைவெளியில் வண்டிச் சக்கரம் போய்ப் போய்க் கல்லிலேயே ஆழமான தடம் விழுந்திருக்கிறது. ஒரு டேப்பைக் கையில் கொடுத்து, இரண்டு தடத்துக்கும் நடுவே எவ்வளவு என்று நாலைந்து தெருவில் அளக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் தடம் ஆழம், எதில் தடமே இல்லை, ஏன் என்று கேளுங்கள். எந்தப் பக்கமாக வண்டி போயிற்று, எந்தத் தெருவில் வண்டியே விடவில்லை என்று அவர்களே வாதாட ஆரம்பித்துவிடுவார்கள்.

முனைக்கு முனை சாப்பாட்டுக் கடை வேறு. கல் மேடை, அதில் பதித்த பெரிய மண் குடங்கள். பேக்கரிகளில் எரிமலைக் கல்லில் செய்த மாவு அரைக்கும் எந்திரங்கள் இன்னும் நிற்கின்றன. அப்படி ஒரு பேக்கரி அடுப்புக்குள் கரிந்த நிலையில் 81 ரொட்டிகள் கிடைத்தன.

வரலாறு என்பது எப்படி எழுதப்படுகிறது என்பதற்கும் இங்கே கையில் கிடைக்கிற உதாரணம் உண்டு. எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்றுதான் தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் யாரோ கிறுக்கிய ஒரு வரி வெளிப்பட்டது. அதில் இருந்த தேதி நம் கணக்குக்கு அக்டோபர் 17. கரிக் கிறுக்கல் சுவரில் பல மாதம் நிற்காது, அதனால் அழிவு அக்டோபர் கடைசியில்தான் நடந்திருக்க வேண்டும் என்ற வாதம் வலுத்தது. அந்த வரியில் ஆண்டு இல்லை என்பதை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டுகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து விட்டுவிடலாம். ஒரு மாலை முழுக்க ஓடும்.

ஆனால் பொம்பெயியோடு நிறுத்தக்கூடாது. அதே வெடிப்பில் புதைந்த இன்னொரு ஊர், இன்றைய எர்கொலானோவில் இருக்கிற ஹெர்குலேனியம், பாதி நாளில் பார்த்து முடிக்கிற அளவு சின்னது, பல விதத்தில் அதைவிட மேல். பொம்பெயி மேல் சாம்பலும் நுரைக்கல்லும் மழையாக விழுந்து கூரைகள் நொறுங்கின. இங்கே கொதிக்கும் வாயுவும் சாம்பலும் வெள்ளமாக இறங்கி 20 மீட்டர் உயரத்துக்கு மூடிவிட்டது. மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகவே நின்றுவிட்டது. அதனால் மாடி வீடு, மரத் தடுப்பு, கட்டில் எல்லாம் இருக்கின்றன. கடற்கரைப் படகுக் கொட்டகைகளில் சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பொம்பெயியில் 1863-இல் தொல்லியலாளர் ஃபியொரெல்லி தொடங்கிவைத்த முறையில், உடல் மட்கிய வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்த உருவங்களும் இருக்கின்றன. இவற்றைக் காட்டுவதா வேண்டாமா என்று ஊரிலேயே பெற்றோரிடம் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். காட்டலாம் என்பது என் கருத்து. செல்ஃபி மட்டும் கூடாது.

நம் பிள்ளைகளுக்கு இந்த வளைகுடா அந்நியமான இடமும் இல்லை. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டில் படித்தவர்கள் அவர்கள். அந்த மிளகு போய் இறங்கிய பக்கம் இது. முசிறியைப் பெயர் சொல்லி எழுதியவர், ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறதே என்று அலுத்துக்கொண்டவர், ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. அவர் இந்த வளைகுடாவின் மிசேனம் துறைமுகத்தில் கடற்படைத் தளபதியாக இருந்தார். எரிமலை வெடித்தபோது கப்பலோடு உதவிக்குப் போய், ஸ்டாபியே கரையில் இறந்தார். அலெக்சாண்டிரியாவிலிருந்து வரும் சரக்குக் கப்பல்கள் ஒதுங்கிய பெரிய துறை பொத்சுவோலி. விவிலியத்தில் பவுல் கரையிறங்கும் புத்தேயோலி அதுதான்.

நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், 1938-இல் பொம்பெயி வீடொன்றில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை இருக்கிறது. லட்சுமி என்று பெயர் நிலைத்துவிட்டது. யட்சி என்பதுதான் பல ஆய்வாளர்களின் எண்ணம். ஒரு சாண் அளவுதான் இருக்கும், தேடினால்தான் கண்ணில் படும். அது இருப்பது காமச் சித்திரங்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் 'ரகசிய அறை'யில், 14 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் உள்ளே போகலாம். பொம்பெயியிலும் விலைமகளிர் விடுதி ஒன்று சுவர் ஓவியங்களோடு இருக்கிறது, வழிகாட்டிகள் எல்லாரும் குழுவை அங்கே திருப்புவார்கள். வேண்டாம் என்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். வாசலில் நின்றுகொண்டு சொன்னால் பிள்ளைகள் எல்லாரும் எட்டிப் பார்த்து முடித்திருப்பார்கள்.

அறிவியல் ஆசிரியரும் கூட வந்தால் பொத்சுவோலியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய ரோமானியச் சந்தையின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு பட்டையாகச் சிறு சிறு துளைகள், கடல் சிப்பிகள் குடைந்தவை. தூண் சாயாமலேயே நிலம் கடலுக்குள் இறங்கி, மறுபடி மேலே வந்திருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல், பூமி மெல்ல மெல்ல மாறுகிறது என்ற தன் வாதத்துக்கு இதைத்தான் பெரிய ஆதாரமாக வைத்தார்.

அந்த நிலம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதுதான் நேப்பிள்ஸ் மேல் வைக்கக்கூடிய முதல் ஆட்சேபம். காம்பி ஃப்ளெக்ரெய் என்ற அந்த எரிமலைப் பகுதி 2012 முதல் மஞ்சள் எச்சரிக்கை நிலையில் இருக்கிறது. 2025-இல் 4 ரிக்டருக்கு மேல் சில அதிர்வுகள் வந்தன. பெற்றோர் கூகுள் செய்து பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவார்கள், அதனால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தங்குவதற்கு அந்தப் பக்கத்தைத் தவிர்த்து, வளைகுடாவின் மறுமுனையில் சொரென்டோவைப் பிடிப்பது என் யோசனை. அமைதியான ஊர். அங்கிருந்து பொம்பெயிக்குச் சிர்கும்வெசுவியானா ரயிலில் அரை மணி நேரம்தான். கூட்டம் நெரியும் அந்த ரயிலில் பிக்பாக்கெட் பயம் உண்டு. முப்பது பேருக்குத் தனி பஸ் கட்டுப்படியாகிறது என்றால் பஸ்ஸே மேல்.

சரி, கிரீஸ். இங்கே ஏதென்ஸ் ஒன்றில் மட்டும் தங்கிக்கொண்டு எல்லாம் பார்க்கலாம் என்று தோன்றும். பாதிதான் உண்மை. பழைய கோட்டை நகரமான மைசினியும், பழைய நாடக அரங்கு இருக்கிற எபிடாரஸும் ஒரே நாளில் போய் வரலாம். குறி சொல்லும் கோயில் இருந்த டெல்ஃபி 180 கிலோமீட்டர், போக வர ஐந்து மணி நேரம் பஸ்ஸிலேயே போகும். ஒலிம்பியாவுக்கு ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். அதைச் சேர்த்தால் பயணம் பஸ் பயணமாக மாறிவிடும். ஒலிம்பிக்ஸ் ஓடிய இடம் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். நான் விட்டுவிடுவேன்.

கிரீஸின் பலம் வேறு. அரசியல், நாடகம், வாதம். ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபொலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து, தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் எழுதிய 190 பானை ஓடுகள் கிடைத்தன. ஒருவரை ஊரைவிட்டுப் பத்து ஆண்டு விலக்கிவைக்க மக்கள் வாக்களிக்கும் முறைக்கான வாக்குச் சீட்டுகள் அவை. கையெழுத்தைப் பிரித்துப் பார்த்தால் மொத்தமே 14 பேர் எழுதியது. அதாவது யாரோ முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் நீட்டியிருக்கிறார்கள். தேர்தல் சமயத்தில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், விளக்கவுரை தேவைப்படாது.

எபிடாரஸ் அரங்கு 55 வரிசை. நடுவில் காசு போட்டால் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று எல்லா வழிகாட்டிகளும் செய்து காட்டுவார்கள். 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கருவிகளோடு போய் அளந்து, அந்தப் புகழ் மிகை என்றார்கள். ஒருவரைக் கீழே நிறுத்தி, மற்றவர்களை வரிசை வரிசையாக உட்காரவைத்து, கேட்டதைத் தனித்தனியாக எழுதச் சொன்னால் நம் குழுவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். மைசினியிலிருந்து தொல்லியலாளர் ஷ்லீமான் 1876-இல் எடுத்த தங்க முகமூடி ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில், டிராய்ப் போரில் கிரேக்கப் படைக்குத் தலைவனாகச் சொல்லப்படும் 'அகமெம்னான்' பெயரோடு இருக்கிறது. டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் மூன்று நூற்றாண்டு முந்தையது அது. பெயர் வைக்கிற அவசரம் பொம்பெயி லட்சுமிக்கு மட்டும் சொந்தமில்லை.

கிரீஸில் குறை என்னவென்றால், இவ்வளவும் வாயால் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். ஊரிலேயே ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தி, ஒரு கிரேக்க நாடகத்தைப் பிள்ளைகளே மேடையேற்றிவிட்டுப் போகிற பள்ளி என்றால் ஏதென்ஸை யோசிக்காமல் தேர்ந்தெடுக்கலாம். பிளஸ் ஒன் மட்டும் போகிறது என்றாலும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பும் கலந்திருந்தால் இரண்டாம் நாள் மத்தியானத்திலேயே, "சார், இன்னும் எத்தனை கோயில்?" என்று கேள்வி வரும். வெயிலும் ஒரு காரணம். 2023 ஜூலை அனலில் அக்ரோபொலிஸை மத்தியானத்தில் மூட வேண்டிவந்தது, அதற்கப்புறமும் அது நடந்திருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து அங்கே முழுக் கட்டணம் 30 யூரோ, நேரம் குறித்துத்தான் சீட்டு.

சிசிலி எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்தது. ஆனால் இந்த நான்கில் பள்ளிக்குப் பரிந்துரைக்க மிகவும் தயங்குவதும் அதைத்தான். சிராகூசாவின் பேராலயம் ஒன்று போதும் மனதை மாற்ற: கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அதீனா கோயிலின் பருத்த தூண்கள் அப்படியே தேவாலயச் சுவருக்குள் பதிந்து நிற்கின்றன. இரண்டரை ஆயிரம் ஆண்டு வழிபாடு ஒரே சுவரில். அக்ரிஜென்டோவின் கிரேக்கக் கோயில்களில் ஒன்று கிட்டத்தட்ட முழுசாக நிற்கிறது. பியாத்சா அர்மெரினாவின் ரோமானிய மாளிகைத் தரை முழுக்க மொசைக், விலங்கு பிடிக்கிற காட்சிகள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மூலை. மூன்று ஊரில் தங்கி, தினமும் பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை வெளிநாடு போய்ப் பழகிய பள்ளி, சின்னக் குழு என்றால் போகலாம்.

துருக்கியை யோசிப்பவர்கள் பெரும்பாலும் செலவை நினைத்துத்தான் யோசிக்கிறார்கள். ஓட்டலும் சாப்பாடும் மலிவாகலாம். நுழைவுச் சீட்டில் கணக்கு மாறிவிடும். அந்தக் கரையின் பழைய நகரமான எபேசுக்கு வெளிநாட்டவருக்கு 2024-இலிருந்து 40 யூரோ, நம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் அதேதான், அங்கே மலைச்சரிவில் இருக்கும் பழைய வீடுகளுக்குத் தனிச் சீட்டு. இத்தாலியில் அரசுத் தொல்லியல் இடங்களில் எந்த நாட்டவராக இருந்தாலும் 18 வயது நிரம்பும் வரை இலவசம். முப்பது பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். பொம்பெயிக்கு இலவசச் சீட்டானாலும் பெயர் போட்டுத்தான் தருவார்கள், வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் நகலும் கையில் வேண்டும்.

ஆனால் எபேசு சாதாரண இடமில்லை. செல்சஸ் நூலகத்தின் முகப்பு, சுமார் 25,000 பேர் உட்கார்ந்த அரங்கு, அந்த அரங்கில்தான் வெள்ளியில் சின்னக் கோயில்கள் செய்யும் தட்டான்கள் பவுலின் பிரசாரத்தால் பிழைப்பு போகிறதென்று கூட்டத்தைக் கூட்டி இரண்டு மணி நேரம் கத்தியது. மிஷன் பள்ளிகளில் இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அரங்கிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற அகலமான சாலையில் நடந்தால் கடைசியில் கடல் இல்லை. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது, ஊரும் செத்துப்போனது. காவிரிப் படுகைப் பிள்ளைகளுக்குப் புவியியல் பாடமாக இதைவிட வேண்டாம். இன்னொரு பழைய நகரமான பெர்கமுவுக்குப் போனால் பெரிய பலிபீடம் இருந்த இடத்தில் மரம்தான் நிற்கிறது, பீடம் பெர்லினில் இருக்கிறது. இல்லாத ஒன்றைப் பார்க்க அவ்வளவு தூரம் போவதும் ஒரு பாடம்தான். டிராயைச் சேர்க்காதீர்கள், எபேசிலிருந்து அது வெகு தூரம்.

கிரீட் தீவையும் சிலர் கேட்பார்கள். அங்கே நோசஸ் அரண்மனையில் தொல்லியலாளர் எவன்ஸ் கான்கிரீட் போட்டுக் கட்டியது எவ்வளவு, பழையது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற வயது வந்த பிறகு போகலாம்.

விசா விஷயத்தில் இத்தாலி, கிரீஸ் இரண்டுக்கும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் விசாதான், வித்தியாசமில்லை. பல பள்ளிகளுக்குத் தெரியாத ஒன்று: படிப்பு நோக்கத்தில் போகிற பள்ளி மாணவர்களுக்கும் கூடப் போகிற ஆசிரியர்களுக்கும் செங்கன் விதியிலேயே விசாக் கட்டண விலக்கு உண்டு. பள்ளியின் கடிதமும் தினசரிப் பாடத் திட்டமும் சேர்த்துத்தான் அதைக் கேட்க வேண்டும், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதமும் கட்டாயம். துருக்கிக்கு ஆன்லைன் இ-விசா வேண்டுமென்றால் செங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ், அயர்லாந்து விசாவில் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். பிள்ளைகளில் எத்தனை பேரிடம் இருக்கும்? அதனால் துருக்கியில் விசா சுலபம் என்று ஏஜெண்ட் சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள்.

சாப்பாடு பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் அதிக நேரம் போகும், எழுதுவதற்கு அவ்வளவு இல்லை. சைவப் பிள்ளைகளுக்கு மூன்று நாட்டிலும் வழி உண்டு. தயிர் வேண்டும் என்கிறவர்களுக்குக் கிரீஸும் துருக்கியும் சொர்க்கம். நேப்பிள்ஸில் சீஸ் இல்லாத மரினாரா பீட்சாவும் தக்காளிப் பாஸ்தாவும் எங்கேயும் கிடைக்கும், நாலாம் நாள் ஊறுகாய் பாட்டில் வெளியே வரும்.

நடக்க முடியாத பிள்ளை ஒருவர் குழுவில் இருந்தால் அதை முதலிலேயே கணக்கில் எடுங்கள். அக்ரோபொலிஸில் 2020 கடைசியிலிருந்து லிஃப்ட் இருக்கிறது. பொம்பெயியில் ஆம்பி தியேட்டர் வாசலிலிருந்து சக்கர நாற்காலி போகிற தனிப் பாதை போட்டிருக்கிறார்கள், மூன்று கிலோமீட்டருக்கு மேல். மைசினியும் பெர்கமுவும் கஷ்டம்.

மாதம் என்றால் நம் கோடை விடுமுறையில் மே இரண்டாம் வாரம் நல்லது. அங்கே வெயில் இன்னும் ஏறியிருக்காது. இத்தாலியப் பள்ளிகளும் அதே சமயத்தில் சுற்றுலா வரும், சத்தம் இருக்கும். மே 1 அன்று பொம்பெயியும் கிரீஸின் தொல்லியல் இடங்களும் மூடியிருக்கும். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலியில் எல்லாருக்கும் இலவசம், அன்றைக்குப் போகவே போகாதீர்கள். டிசம்பர் விடுமுறையில் போனால் கூட்டம் இருக்காது, ஆனால் பொம்பெயியில் மூன்றரை மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், மழையும் உண்டு.

மே மாதம் போவதென்றால் செங்கன் விண்ணப்பம் ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம், அதாவது நவம்பரில். பதினைந்து நாளில் முடிவு வரும் என்பது விதி, 45 நாள் வரைக்கும் இழுக்கலாம் என்பதும் விதி. பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் பாதி காலாவதியாகும் தறுவாயில்தான் இருக்கும், அதனால் தசராவுக்கு முன்னாலேயே எல்லா பாஸ்போர்ட்டையும் வாங்கித் தேதியைப் பாருங்கள். பொம்பெயிக்கு ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று 2024 நவம்பர் முதல் வரம்பு இருக்கிறது. விசா வந்ததும் அந்தச் சீட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். பெரிய பையோடு உள்ளே விடமாட்டார்கள், 30 க்கு 30 க்கு 15 சென்டிமீட்டர்தான் அனுமதி. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அதில் அடங்கும், குடிதண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்கிறது.